உள்ளத்தை ஆராய்ந்த மருத்துவர்

நினைக்கவும் அஞ்சி மனிதர் மனத்தின் ஆழத்தில் புதைத்துவிடும் எண்ணங்கள் அழிந்துபோவதில்லை. அவை நோயாக உருமாறி வெளிப்படுகின்றன. இக்கருத்தை உலகிற்கு விளக்குவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சிக்மண்டு பிராய்டு. அத்தகையவரே தம் வாயில் தோன்றிய நோயைப் பிறர் அறியாவண்ணம் ஏறத்தாழ இரண்டு திங்கள் மறைத்து வைத்திருந்தார் என்பது வியப்பன்றோ?

பிராய்டு 1856ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் மொராவியாவில் பிரைபெர்க் என்னும் சிற்றூரில் கம்பளி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் குழந்தையாயிருந்தபொழுதே குடும்பம் வியன்னா நகரில் குடியேறியது. அங்கே மருத்துவம் பயின்று 1881இல் பட்டம் பெற்றார். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து மீன்களின் நரம்பணுக்களை ஆராய்வதே அவருக்கு விருப்பமாயிருந்தது. ஆயினும், குடும்பம் நடத்தப் போதிய வருவாய் அதனால் கிட்டாது என்றுணர்ந்து நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினார். 1885இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அப்பதவிக்கு ஊதியம் இல்லை. பேராசிரியர் என்னும் பெயர் கிடைக்க அவர் மேலும் 17 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

மனநோயால் வருந்தி வந்தவரைச் சாய்வுகட்டிலில் படுக்கச் செய்து, தாம் தலைமாட்டில் அவர் கண்ணிற் படாமல் அமர்ந்து, தோன்றுவதையெல்லாம் ஒளிக்காமற் கூறுமாறு செய்வது பிராய்டின் முறை. அவருடைய கொள்கைகள் பலவற்றை இன்றைய உளவியலார் ஏற்பதில்லை. எனினும், மனநோயாளியின் சொல்லைப் பொறுமையுடன் செவிமடுப்பதும் மருத்துவமே என்னும் எண்ணம் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் அவர் கையில் குறிப்பு ஏதுமின்றி, நண்பரோடு உரையாடுவார்போல விரிவுரையாற்றுவார்.

ஒரு பழக்கத்தை மட்டும் அவரால் வெல்ல முடியவில்லை. நாள்தோறும் ஏறத்தாழ 20 சுருட்டுகள் பிடிப்பார். 1923ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாயின் வலப்புறத்தே ஒரு தடிப்பைக் கண்டார். புகையிலைப் பழக்கமுடையோர் வாயில் வெண்படலம் தோன்றுவதுண்டு; அதில் வலி இராமையால் பலர் பொருட்படுத்துவதில்லை. அவற்றுட் சில புற்றுநோயாக மாறும். இதனை மருத்துவராகிய பிராய்டு அறியாதவரல்லர். சுருட்டை விடச் சொல்வரே என்னும் அச்சம் அவர் வாயை அடைத்தது.

ஏப்ரலில் அவர் தம் மருத்துவ நண்பருக்கு அதைக் காட்டினார். நண்பர் பார்த்த அளவில் புற்றுநோய் என்றுணர்ந்தார். ஆனால் உண்மையைக் கூறின் பிராய்டு தாங்கமாட்டார் என்று அஞ்சி, வெறும் வெண்படலமே என்றார். அறுவை சிகிச்சை ஒரு மருத்துவமனையில் நடந்தது. அன்று குருதி பெருகியபொழுது உதவிக்கு அழைக்க முயன்றார் பிராய்டு, மணி பழுதுபட்டிருந்தது. அதே அறையில் இருந்த, உடல் வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் குன்றிய நோயாளி ஒருவர் விரைந்தோடி உதவியாளரை அழைத்து வந்தார். பேரறிஞரின் உயிரை அன்று காத்தவர் பெயர்தானும் அறியப்படாத அவரே.

அவ்வாண்டு ஜூன் திங்களில், நான்கே வயதான அருமைப் பேரன் காசநோயால் இறந்தான். பிராய்டு கண்ணீர் விட்டழுதது அந்த ஒரு முறைதான் என்பர். செப்டம்பரில் மகள் ஆனாவுடன் ரோம் நகருக்குச் செல்லும் வழியில் அவர் வாயினின்றும் குருதி பாய்ந்தது. அதன் பின்னரே உண்மை முழுவதும் அவருக்குக் கூறப்பட்டது. நண்பர்கள் முன்பே அறிந்திருந்தும் மறைத்தனர் என்று பின்னாளில் அறிந்தபொழுது, நோயினும் அம்மறைப்பே அவரைச் சினங்கொள்ளச் செய்தது. பிற்காலத்தில் மாக்ஸ் ஷூர் என்னும் மருத்துவர் பொறுப்பேற்றபொழுது, எந்நிலையிலும் உண்மையே உரைத்தல் வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டார்.

அக்டோபரில் ஹான்ஸ் பிக்லர் என்னும் வல்லுநர் அவருடைய மேல்தாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தையும் அகற்றினார். வாயையும் மூக்கையும் பிரிக்கப் பெரியதொரு செயற்கை அண்ணம் பொருத்தப்பட்டது. அதை மாட்டுவதும் கழற்றுவதும் பெருந்துன்பம். ஆனாவே உடனிருந்து உதவினார். பேச்சுக் குழறியது. வலச்செவி கேளாமற் போயிற்று. நோயாளிகளின் சொல் இடச்செவியில் விழுமாறு நாற்காலியையும் கட்டிலையும் இடம் மாற்றிக்கொண்டார். 16 ஆண்டுகளில் 30க்கும் மேற்பட்ட அறுவைகள் நிகழ்ந்தன. அப்பொழுதும் சுருட்டை அவர் விடவில்லை!

மேடையேற இயலாத அவ்விரிவுரையாளர் 1932இல் புதிய விரிவுரைகளை எழுதினார். தம் முன் மாணவர் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு எழுதிய அவ்வுரைகள் எந்த மண்டபத்திலும் நிகழ்த்தப்படவில்லை. மாநாடுகளில் தந்தையின் கட்டுரைகளை ஆனா படித்தார்.

யூதராகப் பிறந்த பிராய்டின் நூல்களை 1933இல் நாசிகள் தீயிலிட்டனர். 1938இல் ஆஸ்திரியா அவர்கள் கைப்பட்டதும், 82 வயது முதியவர் வியன்னாவை விட்டு லண்டன் செல்ல நேர்ந்தது. உடன் வராத தங்கையர் நால்வரும் பின்னர் நாசிகளின் கொடுமைக்கு இரையாயினர். அவ்வாண்டு டிசம்பரில் வானொலி நிலையத்தார் அவர் இல்லத்திற்கு வந்து, ஓரிரு நிமிடப் பேச்சைப் பதிவு செய்தனர். செயற்கை அண்ணத்தோடு போராடி, ஒவ்வொரு சொல்லாக அவர் ஆங்கிலத்தில் பேசிய அக்குரலை இன்றும் கேட்கலாம்.

சிந்தனையை மழுங்கச் செய்யும் மருந்துகளை இறுதி நாட்கள் வரை அவர் மறுத்தே வந்தார். 1939 செப்டம்பர் 23ஆம் நாள் லண்டன் இல்லத்தில் உயிர் நீத்தார். பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்கு இருந்த பேரார்வத்தை அறிந்தோர், அவர் விரும்பிப் போற்றிய தொன்மையான கிரேக்கச் சாடி ஒன்றிலேயே அவருடைய சாம்பலை இட்டு வைத்தனர்.