குழந்தைகளிடம் பாடம் கேட்ட மருத்துவர்

நம் ஊரில் மழலையர் வகுப்புக்கு மாண்டிசோரி என்று பெயர் வைத்த பள்ளிகள் எத்தனையோ உண்டு. அது ஓர் அம்மையாரின் பெயர் என்பதை நான் ஏழாம் வகுப்பு வரை அறியேன். ஏதோ இங்கிலாந்தில் உள்ள ஊர் என்று எண்ணியிருந்தேன்!

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸாண்ட்ரோ அரசாங்க அதிகாரி. தாய் ரெனில்டே நூல்களில் நாட்டம் உடையவர். ஒரே மகளைத் தந்தை ஆசிரியையாக்க விரும்பினார். மகளோ, ஆசிரியை வேலை மட்டும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். முதலில் பொறியியல், பின்பு மருத்துவம் என்று அவர் மனம் சென்றது. தாய் மட்டும் துணை நின்றார். ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்றனர். எனவே மற்றவர்கள் சென்ற பின்பு அவர் தனியாக அந்த அறையில் இருந்து பயின்றார். இரவில் கொல்லைப்புறம் செல்லவே துணை தேடும் எனக்கு இதைப் படித்தபோது உடல் சிலிர்த்தது. 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் இவரே என்று சில நூல்கள் கூறுகின்றன. அது சரியன்று. அவருக்கு முன்பே சில பெண்கள் பட்டம் பெற்றிருந்தனர்.

மனநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்களை வெறும் அறையில் அடைத்து வைத்திருப்பதைக் கண்டார். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினர். பணிப்பெண் அதைப் பேராசை என்று அருவருத்தாள். அம்மையார் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் கையில் எடுத்துப் பார்க்க வேறு ஒரு பொருளும் இல்லை. பசி வயிற்றில் இல்லை, விரல்களில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இட்டார், செகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைப் படித்து, தொட்டுப் பழகும் கருவிகளைச் செய்து கொடுத்தார். அச்சிறுவர்களுள் சிலர் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பொதுத் தேர்வு எழுதித் தேறினர். எல்லோரும் பாராட்டினார்கள். அம்மையாருக்கோ வேறொரு கவலை. இவர்களே இவ்வளவு கற்கிறார்கள் என்றால், நல்ல பிள்ளைகளைப் பள்ளிகள் என்ன செய்து வைத்திருக்கின்றன?

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. இதன் காரணம் வேடிக்கையானது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் குழந்தைகள் புதுக் கட்டடத்தின் சுவர்களிலும் படிகளிலும் கிறுக்கிப் பாழாக்குவார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் அஞ்சினர். சேட்டையை அடக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்! ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அழுகையும் அச்சமுமாக வந்தனர்.

அம்மையார் அடக்க முயலவில்லை, உட்கார்ந்து கவனித்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரச்சட்டத்தின் குழிகளில் உருளைக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கட்டையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். ஆசிரியை சொல்லாமலே பிழை தெரிந்துவிடும். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போல் மலர்ந்த முகத்துடன் சுற்றிப் பார்த்தாளாம். இன்னொரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். ஆசிரியை வந்தபோது குழந்தைகள் தாங்களே கருவிகளை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை இதைத் திருட்டு என்று கருதினார். அம்மையாரோ, தமக்கு வேண்டியது எது என்று குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று கண்டார். அன்று முதல் தாழ்வான, திறந்த அலமாரிகள் வந்தன.

பரிசு, தண்டனை பற்றியும் ஒரு செய்தி உண்டு. நன்றாக நடந்த சிறுவனுக்கு மார்பில் வெள்ளிச் சிலுவைப் பதக்கம். குறும்பு செய்தவனுக்கு நடுவே ஒரு நாற்காலி. பதக்கம் அணிந்தவன் சாமான்களைச் சுமந்து திரியும்போது அது கீழே விழுந்தது. நாற்காலியில் இருந்தவன் எடுத்துக் காட்டினான். அவனோ, தன் வேலையைத் தடுக்கிறானே என்று பார்த்தான். பதக்கத்தை நீயே அணிந்துகொள் என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அம்மையார் பதக்கங்களைக் கைவிட்டார்.

அப்படியானால் பிறரைத் தொல்லை செய்யும் பிள்ளையை என்ன செய்வது? நான் மிகவும் தேடிப் படித்தது இதைத்தான். முதலில் மருத்துவர் பார்ப்பார். நோய் இல்லை என்றால், மூலையில் சிறு மேசையும் வசதியான நாற்காலியும் போடப்படும். மற்றவர்கள் வேலை செய்வது தெரியும்படி அவனை அமர்த்தி, அவன் விரும்பும் விளையாட்டுப் பொருள்களைக் கொடுப்பார்கள். ஆசிரியை, நோயுற்ற குழந்தையிடம் பேசுவது போல் அவனிடம் தனி அன்புடன் பேசுவார். பிறர் செய்வதைப் பார்த்துப் பார்த்து, தானும் சேர வேண்டும் என்ற ஆசை அவனுக்கு வரும். மூலை என்றால் நமக்கு வெட்கம். அங்கே அது ஓய்வு.

இந்த ஆண்டு நான் வகுப்புத் தலைவி. பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. ஒருத்தியின் பெயரை நாள்தோறும் எழுதினேன். இக்கட்டுரைக்காகப் படித்த பின், எழுதாமல் ஒரு வாரம் அவளைப் பார்த்தேன். கணக்கு வகுப்பில் எல்லாருக்கும் முன்பே முடித்துவிடுகிறாள். அதன் பிறகுதான் திரும்பிப் பேசுகிறாள். சரித்திர வகுப்பில் பேசுவதே இல்லை. இப்போது நான் முடிக்காத கணக்கை அவளிடம் கேட்கிறேன். ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

1908 டிசம்பரில் மெசினா நகரை நிலநடுக்கம் அழித்தது. அநாதைகளான குழந்தைகள் சிலரை ரோமாபுரியில் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் ஏற்றனர். அச்சத்தால் பேச்சும் உணவும் மறந்திருந்த அக்குழந்தைகளுக்கு அம்மையாரின் முறையில் பள்ளி நடந்தது. சிறுகச் சிறுக அவர்கள் சிரிக்கத் தொடங்கினர். இச்சகோதரிகளின் சபை நம் உதகமண்டலத்தில் வேர்விட்டது என்பதை அருட்சகோதரிகள் அறிவார்கள். நான் புதிதாக அறிந்தேன்.

1909இல் வெளியான நூல் அவரை உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போகாததால் 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குச் சென்றார், அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்து சென்றார்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேர் பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் கூறுவார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் எதிரி நாட்டவர் ஆயினர். மரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோயினர். ஆகஸ்டு 31, அம்மையாரின் 70ஆம் பிறந்தநாள். அன்று வைஸ்ராய் மகனை விடுவித்துத் தாயிடம் அனுப்பினார். வேறு எந்தப் பரிசு அதற்கு ஈடாகும்! 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கினர். மலையில் பூச்சியும் செடியும் கல்லும் பாடமாயின. பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்தனர்.

போர் முடிந்து 1946இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார் மறுபடியும் இந்தியா வந்தார். 1949 முதல் மூன்று ஆண்டுகள் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் நாள் ஹாலந்தில் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் இறந்து, அங்கேயே கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 81. அன்றைக்கும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க ஆப்பிரிக்கா செல்வதைப் பற்றித்தான் மகனுடன் பேசிக்கொண்டிருந்தார்.

— மாணவி, பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு