வண்டிக் குதிரைக்கு இருந்த வாழ்வு

நள்ளிரவு. இலண்டன் பாலம். கீழே தேம்ஸ் ஆறு ஓடுகிறது. மேலே ஊசியெனக் குத்தும் குளிர்காற்று. வெளியூர்க் கூட்டமொன்றை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார் ஒரு பெரியவர். வயது 58. மார்பில் புரளும் தாடி. பாலத்தின் ஓரத்திலே கந்தல் மூட்டைகள் கிடக்கக் காண்கிறார். மூட்டைகளா? அல்ல, மனிதர்கள்! முடங்கி, சுருண்டு, ஒருவன் சூட்டிலே மற்றவன் ஒட்டிக்கொண்டு உறங்கும் மனிதர்கள்!

ஆண்டு 1887. விக்டோரியா அரசியாரின் பொன்விழாவை அந்த நகரம் கொண்டாடிக் களித்த ஆண்டு! கதிரவன் மறையாத பேரரசு என்று மார்தட்டிய தலைநகரிலே, கதிரவன் மறைந்தபின் தலைசாய்க்க இடமில்லாத மக்கள்!

அந்தப் பெரியவர் வில்லியம் பூத். மறுநாள் காலை மகன் பிராம்வெல்லை அழைத்தார். பாலத்திலே மனிதர்கள் படுத்திருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் மகன். தந்தைக்குச் சினம் பொங்கிற்று. தெரிந்துமா சும்மா இருந்தாய்? போ, ஒரு கிடங்கைப் பிடி, அதைச் சூடேற்று, அவர்களை உள்ளே கொண்டு வா என்று பணித்தார்.

அந்தச் சினம் எங்கிருந்து வந்தது? 1829-இல் நாட்டிங்காம் நகரருகே பிறந்தவர் பூத். தந்தை தொழிலில் நொடித்துப்போனார். 13 வயதுப் பையன் அடகுக்கடையில் வேலைக்கு விடப்பட்டான். அந்த ஆண்டே தந்தையும் மறைந்தார். அடகுக்கடையைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏழ்மைக்கு ஏது, தோழர்களே? வெள்ளிக்கிழமை வந்த கூலி திங்கட்கிழமை எங்கே போயிற்று என்பதும், கலியாணப் புடவை எப்போது கைமாறுகிறது என்பதும், பண்டம் மூழ்கிப்போனால் தாயின் முகம் எப்படியிருக்கும் என்பதும் அடகுக்கடைப் பையனுக்குத் தெரிந்த அளவு அமைச்சருக்குத் தெரியாது.

1849-இல் இலண்டன் வந்தார். 1865-இல் கிழக்கு இலண்டனின் சேரிகளில் தெருமுனைப் பேச்சாளரானார். 1878-இல் அவரது இயக்கம் இரட்சணிய சேனை என்று பெயர் பூண்டது. நாகர்கோயில் பக்கத்துத் தோழர்களுக்கு இந்தப் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை. பூத்தின் துணைவியார் காதரின் பெயரால் அங்கு எழுந்த மருத்துவமனையை அறிவார்கள்.

பூத் பக்தர், நாம் பகுத்தறிவாளர். அவர் சொன்ன மோட்சத்திலும் நரகத்திலும் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பசித்தவனிடம் மோட்சம் பேசிப் பயனில்லை, முதலில் சோறு, பிறகு போதனை என்று கண்டுகொண்டாரே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? நம் நாட்டு மடாதிபதிகள் எத்தனை பேருக்கு அந்த எண்ணம் வந்தது?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது! 1824-இல் சட்டம் போட்டது. வீடற்றவன் வெட்டவெளியில் படுத்தால் குற்றம் என்றது. படுக்க இடம் வேண்டுமா, ஏழை விடுதிக்குப் போ என்றது. அங்கே ஒரு இரவுத் தங்கலுக்குக் கூலியாகக் கல் உடைக்கவேண்டும். இல்லையேல் பழைய கப்பற்கயிற்றை நகம் தேயப் பிரிக்கவேண்டும். 1882-க்குப் பின் நுழைந்தவனை மறுநாள் முழுதும் அடைத்துவைத்து, அதற்கும் அடுத்த நாள் காலையில்தான் வெளியே விட்டார்கள். துறைமுகத்திலே விடியற்காலை வாசலில் நின்றால்தான் அன்றைக்கு வேலை. அடைபட்டவன் எப்படி நிற்பான்? வேலையில்லாதவன் என்று அடைத்து, அடைத்ததாலேயே வேலையில்லாதவன் ஆக்கிய விந்தை!

1888-இல் துறைமுகத்தை ஒட்டிய லைம்ஹவுஸ் பகுதியிலே பூத்தின் முதல் விடுதி திறந்தது. நான்கு பென்னிக்கு இரவு உணவு, படுக்கை, காலை உணவு. அன்று துறைமுகத் தொழிலாளியின் கூலி மணிக்கு ஐந்து பென்னி. அதாவது ஒரு மணி நேர உழைப்புக்கும் குறைவு. காசில்லாதவன் விறகு பிளந்தோ தச்சுவேலை செய்தோ ஈடுகட்ட வழி உண்டு. படுக்கை என்றால் பஞ்சணை அல்ல. வரிசையாக மரப்பெட்டிகள், மேலே போர்த்திக்கொள்ளத் தோல் விரிப்பு. சவப்பெட்டி என்றே கேலி பேசினார்கள். இன்னொரு விடுதியில் ஒரு பென்னிக்கு, சூடான கூடத்தில் பலகைமேல் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கலாம், படுக்கக்கூடாது! இதை நான் மறைக்கமாட்டேன். உட்கார்ந்தபடியே உறங்கும் மனிதனைப் பார்த்து எந்த நெஞ்சம் நிறைவடையும்? ஆயினும் பாலத்துக் குளிரிலே கிடந்து செத்தவனுக்கு அந்தப் பலகை உயிர்.

1889-இல் மணிக்கு ஆறு பென்னி கேட்டுத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சேனையின் உணவுச்சாலைகள் அவர்களுக்குக் குறைந்த விலையில் சோறு போட்டன. தொழிலாளி இதை மறக்கக்கூடாது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் காதரின் புற்றுநோயால் மறைந்தார். அந்தத் துயரத்தோடு வெளிவந்தது பூத்தின் நூல்: இருண்ட இங்கிலாந்தைப் பற்றியது. அதிலே ஒரு வாதம். இலண்டன் வாடகை வண்டிக் குதிரை கீழே விழுந்தால் தூக்கிவிட ஆள் ஓடிவருகிறது. அதற்குக் கொட்டில் உண்டு, தீனி உண்டு, செய்ய வேலையும் உண்டு. இந்த மூன்றும் இல்லாத மனிதர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்களே, குதிரைக்குக் கிடைப்பதையாவது மனிதனுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். ஓர் இலட்சம் பவுன் திரட்ட வேண்டினார். சில மாதங்களில் திரண்டது.

எதிர்ப்பும் திரண்டது. எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் யார் தெரியுமா? அறிவியல் மேதை ஹக்ஸ்லி! டார்வினின் தளபதி, நாம் போற்றும் பகுத்தறிவுச் சிங்கம்! இவ்வளவு பணமும் இத்தனை ஆட்களும் ஒரே மனிதரின் கட்டளைக்குக் கட்டுப்படுவது ஆபத்து என்று டைம்ஸ் ஏட்டுக்கு மடல்மேல் மடல் தீட்டினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜெனரல் என்று பெயர் வைத்துக்கொண்ட பூத், எதிர்க்கேள்வியை விரும்பாதவர்தாம். ஆனால் 1892-இல் கணக்கை ஆராய்ந்த குழு, பணம் தவறாகச் செலவிடப்படவில்லை என்றே அறிவித்தது. ஹக்ஸ்லியின் பக்கம் நிற்கவேண்டிய நான் இந்த இடத்தில் தயங்குகிறேன். அவர் மடல் எழுதிய அந்தக் குளிர்காலத்திலே, பாலத்தில் கிடந்தவனை உள்ளே அழைத்தது யார்?

பூத்திடம் எனக்குள்ள குறை வேறு. கூலிக்காரன் ஏன் பாலத்துக்கு வந்தான் என்ற கேள்வியை அவர் முதலாளியின் வாசலிலே போய் உரக்கக் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை செயலால் கேட்டார். 1891-இல் சொந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்து, தாடை எலும்பை அரிக்கும் நச்சுப் பாஸ்பரசை விலக்கி, மற்ற இடத்தில் இரண்டரை பென்னி கொடுத்த வேலைக்கு நான்கு பென்னி கொடுத்தார். பத்தாண்டில் அது மூடப்பட்டது. நச்சுப் பாஸ்பரசைத் தடுக்க 1908-இல் சட்டமே வந்தது.

கண்ணொளி இழந்த நிலையில் 1912 ஆகஸ்டு 20-இல் பூத் மறைந்தார். இறுதி வழிபாட்டுக்கு ஒலிம்பியா மண்டபத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். அரசி மேரியும் முன்னறிவிப்பின்றி வந்து கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்தார்.

வீடற்றவனுக்கு இடம் தருவது நகராட்சியின் கடமை என்று பிரிட்டனில் சட்டம் வர 1977 ஆயிற்று. பூத் மறைந்து 65 ஆண்டுகள்! பிள்ளைகுட்டிக்காரர், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் என்று அந்தச் சட்டம் முன்னுரிமைப் பட்டியல் வகுத்தது. உடல் நலமுள்ள தனி ஆள், அன்று இலண்டன் பாலத்திலே பூத் கண்டாரே அவன், அந்தப் பட்டியலில் இல்லை.