தங்கைக்காக ஒரு தமக்கை
(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

தமக்கென வாழ்ந்து மறைந்தோர் பலர். பிறர்க்கென வாழ்ந்து நிலைத்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாக அடியெடுத்து வைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதல் நாள் எனக்கே கால் நடுங்கியது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அவ்வை இல்லம் கண்டார். இவை நாம் அறிந்தவை. நான் சொல்ல வந்தது அவர் நெஞ்சில் ஆறாதிருந்த ஒரு புண்ணைப் பற்றி.

அவருடைய தங்கை நோயுற்றார். சீதபேதி என்று கருதி மருத்துவம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் தங்கை மறைந்தார். தமக்கை மருத்துவர், இருந்தும் காக்க முடியவில்லை.

அழுது ஓய்ந்துவிடவில்லை அம்மையார். 1925இல் இலண்டன் சென்றபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டார். அதுபோல் ஒன்று நம் மண்ணிலும் வேண்டும் என்று உறுதி பூண்டார். இந்நோய் வந்தால் சாவுதானே, தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டோரும் உண்டு. அவர் தளரவில்லை. 1952இல் சென்னை அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை பிறந்தது. தங்கை மறைந்து முப்பத்தோர் ஆண்டுகள்! 1968 சூலை 22இல் அம்மையார் மறைந்தார்.

இன்று பெருங்குடலுக்குள் குழாய்க் கருவி செலுத்திப் பார்க்க முடிகிறது. குடல் புற்றுநோய் பெரும்பாலும் சிறு முளையாகத் தொடங்கி, முற்றப் பல ஆண்டுகள் ஆகும். முளையிலேயே அகற்றினால் ஆபத்தைத் தடுக்கலாம். ஆயினும், ஒன்றுமில்லை என்று முடிவு வந்தபின், அடுத்த பரிசோதனைக்குரிய காலம் வருமுன்பே நோய் தலைகாட்டுவதும் உண்டு. இதனை இடைக்காலப் புற்றுநோய் என்கின்றனர். குடல் நன்கு சுத்தமாகாமல் முளை மறைந்திருக்கலாம். தட்டையான முளை கண்ணில் படாமல் போகலாம். அகற்றியதில் மிச்சம் இருக்கலாம். சில வகை விரைந்தும் வளரலாம். ஆகவே நேற்றைய நற்செய்தி இன்றைய அறிகுறிக்கு விடையாகாது.

நம் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்போம், சூடு என்போம், வெட்கப்பட்டு மறைப்போம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். முன்பு நன்றாயிருந்தது என்று சொல்லி வாளாவிருத்தல் தகாது. நோய்க்குத் தவறான பெயர் சூட்டிவிட்டால், உண்மையான நோயைத் தேடுவது நின்றுவிடுகிறது. அம்மையாரின் தங்கையை இழந்தது அவ்வாறுதான்.

நண்பர்களே! நம் வீட்டில் படித்தவர் நாம்தான். அம்மாவிடமும் அப்பாவிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்போம். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி.

வாழ்க அவர்தம் புகழ்!