இந்தியாவின் முதல் ரயில் பாதையைப் போட்டவரே பிறகு ரயிலை எதிர்த்தது ஏன்? யார் இந்த ஆர்தர் காட்டன்?

காக்கிநாடாவில் இருந்து புதுச்சேரி வரைக்கும் ஒரு தேசிய நீர்வழி இருக்கிறது. தெரியுமா? 2008 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த தேசிய நீர்வழி எண் 4 அதுதான். கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகள், ஆந்திரக் கால்வாய்கள், சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய், மரக்காணம் பக்கத்துக் கழுவேலி ஏரி எல்லாம் இதில் சேரும். மொத்தம் 1,000 கிலோமீட்டருக்கு மேல். இத்தனையும் காகிதத்தில்.

நிஜ நிலவரம் வேறு. சுத்துக்கேணியில் இருந்து நாலு மூட்டை நெல்லை வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்றால் டெம்போ, இல்லாவிட்டால் லாரி. ரயில் பிடிக்க வில்லியனூருக்கோ புதுச்சேரிக்கோ வர வேண்டும். படகில் அனுப்பலாமே என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் இந்தியா தன் போக்குவரத்துப் பணத்தை முதலில் கொட்ட வேண்டியது படகுப் பாதைகளில்தான், ரயிலில் அல்ல என்று ஒரு மனிதர் அரை நூற்றாண்டு காலம் சண்டை போட்டார். அவர் ஏதோ படகு முதலாளி இல்லை. இந்தியாவின் முதல் ரயில் பாதையைப் போட்ட இன்ஜினியர். பெயர் ஆர்தர் தாமஸ் காட்டன். காவிரி, கோதாவரி டெல்டா மக்களுக்குக் காட்டன் துரை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இவரிடம் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. காரைக்கால் இருப்பது காவிரி டெல்டாவின் கடைமடையில். ஏனாம் இருப்பது கோதாவரி டெல்டாவில். இரண்டு டெல்டாவும் இன்று பச்சையாக இருப்பதற்குப் பின்னால் இவர் கை இருக்கிறது.

மணலில் நின்ற கல்லணையிடம் படித்த பாடம்

1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர் காட்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ இன்ஜினியராக 1821இல் சென்னைக்கு வந்து இறங்கும்போது வயது 18. ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று பாம்பன் கால்வாயை அளப்பது. கப்பல் போக இடம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நடுவில் பர்மா யுத்தத்துக்கும் போய் வந்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது காவிரி. 1820களின் கடைசியில் தஞ்சாவூர் டெல்டா மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன இல்லையா, அங்கேதான் பிரச்சனை. கொள்ளிடத்தின் படுகை ஆழமாகிக்கொண்டே போனது. காவிரியின் படுகை மணல் ஏறி மேடாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தானே போகும்? வயலுக்குப் போக வேண்டிய நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது.

காட்டன் கல்லணையைப் போய்ப் பார்த்தார். வெறும் மணலில், பாறை அடித்தளமே இல்லாமல், பல நூறு ஆண்டுகளாக ஓர் அணை நிற்கிறது. எப்படி? ஐரோப்பியப் படிப்பில் அதற்குப் பதில் இல்லை. ஆற்று மணலில் அடித்தளம் போடும் முறையை இந்த ஊர் ஆட்களின் வேலையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளில் இதைச் சொன்னவர்கள் குறைவு.

அந்தப் பாடத்தை வைத்து 1836 வாக்கில் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகள் எழுந்தன. ஒன்று முக்கொம்பு மேலணை. இன்னொன்று அணைக்கரை கீழணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது இந்த மேலணைதான். 180 வருடம் தாக்குப்பிடித்த கட்டுமானம்.

கல் ஏற்ற வந்த ரயில்

இந்தியாவின் முதல் ரயில் 1853இல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே ஓடியது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முதல் பயணிகள் ரயில். அதற்கு 16 வருடம் முன்பே, 1837இல், சென்னையில் ஒரு ரயில் பாதை இருந்தது. செங்குன்றத்தில் வெட்டிய கல்லைச் சிந்தாதிரிப்பேட்டை வரை கொண்டுவருவதற்கான பாதை. சாலை போடக் கல் வேண்டும், கல்லைக் கொண்டுவரச் சாலை இல்லை. அதனால் தண்டவாளம். இதை முன்னின்று செய்தவர் காட்டன்.

ரயில் மேல் அவருக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். பிறகு கோதாவரியில் அணை கட்டும்போதும் கல் சுமக்கத் தண்டவாளம் போட்டவர் அவர். எந்த இடத்தில் எந்தச் சுமைக்கு எது மலிவு என்பதுதான் அவர் கேள்வி.

கோதாவரி: வயலுக்கும் படகுக்கும் ஒரே கால்வாய்

1830களில் கோதாவரி, கிருஷ்ணா பகுதிகள் பஞ்சத்தில் சிக்கின. 1839இல் கோரிங்கா பக்கம் பெரும்புயல். அதாவது இன்றைய ஏனாமுக்குப் பக்கத்தில். அவ்வளவு பெரிய ஆறு பக்கத்திலேயே ஓடியும் ஜனங்கள் பட்டினியால் ஊரைக் காலி செய்தார்கள். 1844இல் காட்டனை அங்கே அனுப்பினார்கள்.

அவருடைய திட்டம் தவளேஸ்வரத்தில் ஆற்றை மறித்து, அதன் நான்கு கிளைகளுக்கும் குறுக்கே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான அணை. வேலை 1847இல் தொடங்கி 1852இல் முடிந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அவர்களைக் கட்டி மேய்த்து வேலையை முடித்ததில் வீணம் வீரண்ணா என்ற உள்ளூர் மேற்பார்வையாளருக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டன் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரியாமல் போனது வருத்தம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது கால்வாய்கள். அவை வயலுக்குத் தண்ணீர் விட மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. படகு போகும் அகலத்தில், ஏற்ற இறக்கம் வரும் இடத்தில் படகை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் இரட்டைக் கதவு வைத்த லாக் மதகுகளோடு வெட்டினார்கள். வயல் விளையும், விளைந்ததை அதே தண்ணீரில் துறைமுகம் வரை கொண்டுபோகலாம். ஒரு செலவு, இரண்டு வரவு.

இதற்கான பணத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. யுத்தத்துக்குக் கணக்கு பார்க்காத கம்பெனி, கால்வாய்க்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் கேள்வி கேட்டது. அந்த எரிச்சலில் 1854இல் இந்தியாவின் பொதுப்பணிகள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒரு நாட்டில் வரி வசூலிக்கிறவர்கள் அந்த நாட்டின் தண்ணீருக்கும் பாதைக்கும் செலவு செய்யாமல் இருப்பது சிக்கனம் இல்லை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்பது அதன் சாரம்.

5 சதவீத உத்தரவாதம்: யார் வீட்டுப் பணம்?

அதே சமயத்தில்தான் ரயில் வந்தது. 1853இல் பம்பாய், 1856இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு.

ரயில் போட்டவை லண்டனில் பங்கு திரட்டிய தனியார் கம்பெனிகள். அரசு அவர்களுக்குக் கொடுத்த சலுகையைப் பாருங்கள். நிலம் இலவசம். அதற்கு மேல், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வருமானம் உறுதி. ரயில் லாபத்தில் ஓடினால் சரி. ஓடாவிட்டால் குறையும் தொகையை இந்திய வரிப்பணத்தில் இருந்து அரசு கட்டும். வாழ்நாளில் ரயிலையே பார்த்திராத விவசாயி கட்டும் நிலவரியும் அதில் அடக்கம்.

நஷ்டம் வந்தாலும் 5 சதவீதம் வரும் என்றால், செலவைக் குறைக்க எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்? பல பாதைகள் மதிப்பீட்டைத் தாண்டின. பல வருடங்கள் உத்தரவாதத் தொகை கஜானாவில் இருந்து போய்க்கொண்டே இருந்தது.

காட்டன் இதைப் பிடித்துக்கொண்டார். அவர் வாதம் எளிமையானது. இந்தியாவில் நகர வேண்டியது அரிசி, உப்பு, பருத்தி, கல், மரம். இதற்கெல்லாம் வேகம் தேவையில்லை, கூலி மலிவாக இருந்தால் போதும். தண்ணீரில் மிதக்கும் சுமையை இழுக்க மிகக் குறைந்த சக்தி போதும். ஏழை நாட்டுக்கு விலை உயர்ந்த வேகத்தை விற்கிறார்கள், அதற்கான கடனையும் அந்த ஏழை தலையிலேயே கட்டுகிறார்கள் என்பதுதான் அவர் புகார். கங்கையில் இருந்து காவிரி வரை ஆறுகளைக் கால்வாய்களால் இணைக்கலாம் என்று வரைபடமும் வைத்திருந்தார். இன்று நாம் பேசும் நதிநீர் இணைப்புக்கு முன்னோடி என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் மனதில் இருந்தது பாசனம் மட்டும் அல்ல, நாடு முழுக்கப் படகு விடுவதும்தான்.

அப்போ காட்டன் சொன்னது முழுக்கச் சரியா?

இல்லை. அவரைக் கொண்டாடும் பல பதிவுகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடும்.

கோதாவரி டெல்டா சமதளம். ஆறு மேலே, வயல் கீழே. அங்கே கால்வாய் வெட்டுவது லாபம். அதே நம்பிக்கையில் அவர் ஆதரித்த மெட்ராஸ் பாசனக் கம்பெனி, துங்கபத்திராவில் இருந்து கர்னூல், கடப்பா வழியாகக் கால்வாய் வெட்டியது. மேட்டு நிலம், பாறை, செலவு எகிறியது. விவசாயிகளும் எதிர்பார்த்த அளவுக்குத் தண்ணீர் வாங்கவில்லை. இந்தக் கம்பெனிக்கும் அதே 5 சதவீத உத்தரவாதம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. ரயில் கம்பெனிகள் மேல் அவர் வைத்த குற்றச்சாட்டு அவர் பக்கத்துக் கம்பெனிக்கும் பொருந்தியது. 1882இல் அரசே அதை வாங்கிக்கொண்டது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மழை பொய்த்தால் ஆறு வற்றும். ஆறு வற்றினால் கால்வாயில் படகு எப்படிப் போகும்? பஞ்ச காலத்தில்தானே தானியம் அவசரமாக நகர வேண்டும்?

1876: இரண்டு பக்கமும் தோற்ற வருடங்கள்

அந்தப் பஞ்சம் வந்தது. 1876இல் இருந்து 1878 வரை, தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள்.

கடல் வழியாக வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. அதை உள்ளே கொண்டுபோக ரயில்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரயில் நிலையம் வரை வந்த தானியமும் கிராமத்துக்குப் போகவில்லை, ஏனென்றால் தீவனம் இல்லாமல் வண்டி மாடுகள் செத்திருந்தன. நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கடைசிப் பத்து மைலுக்கு யாரும் பணம் போட்டிருக்கவில்லை. மறுபக்கம், விலை ஏறிய இடத்துக்குத் தானியத்தை இழுத்துக்கொண்டு போகவும் அதே ரயில் உதவியது. கையில் காசு இல்லாதவனுக்கு ரயில் வந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆனாலும் ரயில் இல்லாத இடங்களின் நிலைமை இன்னும் மோசம் என்பதை மறுக்க முடியாது.

1878இல் லண்டன் நாடாளுமன்றக் குழு இந்தியப் பொதுப்பணிகளை விசாரித்தது. 75 வயதில் காட்டன் அதன் முன்னால் உட்கார்ந்தார். கோதாவரியைப் பற்றிப் பேசிய அவரிடம் குழு கர்னூலைப் பற்றிக் கேட்டது. கேள்விகள் கடுமையாக இருந்தன. குழு அவர் திட்டத்தை ஏற்கவில்லை. 1880இல் பஞ்சக் கமிஷனும் ரயில் பாதைகளை நீட்டச் சொன்னது.

நம்ம ஊரிலும் காற்று அந்தப் பக்கமே அடித்தது. பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னைக்குள் ஒரு துண்டு கால்வாய் வெட்டி, வடக்கு, தெற்குக் கால்வாய்களை இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பெயரில் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. தெற்கே அது மரக்காணத்தோடு நின்றது. புதுச்சேரிக்கு வந்தது ரயில். 1879 டிசம்பர் 15 அன்று விழுப்புரம் - புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது.

அதற்குப் பிறகு

காட்டன் 1899 ஜூலையில் இங்கிலாந்தின் டோர்கிங் ஊரில் இறந்தார். வயது 96. கடைசி வருடங்களில் வீட்டுத் தோட்டத்தில் ஆழ உழுது கோதுமை விளைவித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கோதாவரி மாவட்டங்களில் இன்றும் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை இருக்கிறது. தவளேஸ்வரத்தில் பிறகு கட்டிய புதிய தடுப்பணைக்கும் அவர் பெயர்தான்.

பக்கிங்காம் கால்வாயில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் போய்வந்தன. புயல்கள் கரையை உடைத்தன, மண் தூர்ந்தது, லாரி வந்தது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது நின்றது. சென்னையில் இப்போது அந்தக் கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ரயிலுக்கும் கால்வாய்க்கும் நடந்த சண்டையில் யார் ஜெயித்தது என்று யாராவது கேட்டால் அதைக் காட்டலாம்.

தேசிய நீர்வழி எண் 4க்கு வருவோம். இதுவரை வேலை என்று நடந்தது பெரும்பாலும் விஜயவாடாவை ஒட்டிய கிருஷ்ணா ஆற்றில். சென்னையில் இருந்து மரக்காணம் வரை 110 கிலோமீட்டர், மரக்காணத்தில் இருந்து கழுவேலி வழியாகப் புதுச்சேரி வரை 22 கிலோமீட்டர் என்று திட்டத்தில் குறித்த நம் பக்கத்துத் துண்டுகள் அப்படியே கிடக்கின்றன. இதற்கிடையே 2021 டிசம்பரில் கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துவிட்டது. இனி அங்கே சரக்குப் படகு விட வேண்டும் என்றால் வனத்துறையிடமும் பேசியாக வேண்டும். மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னையையும் கடலூரையும் இணைக்கும் கடற்கரை ரயில் பாதையும் வருடக்கணக்கில் பேச்சாகவே இருக்கிறது.

சுத்துக்கேணி மூட்டைகளுக்கு இப்போதைக்கு லாரிதான்.