பழி சுமந்த பேரறிஞர்

கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே கொடுநோய்களுக்கு வித்து எனப் பாஸ்டரும் காக்கும் மெய்ப்பித்த காலத்து அறிஞர் வால்டெமர் ஹாஃப்கின். 1860இல் ஒடெசா நகரில் யூதக் குடியிற் பிறந்த இவர், பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்ந்து காலராத் தடுப்பூசியைக் கண்டார். 1892 ஜூலை 18ஆம் நாள் அதனை முதற்கண் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியா வந்து ஊர்தோறும் ஊசியிட்டார்.

1896இல் பம்பாயைப் பிளேக் சூறையாடியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஒரு மூலையில் அமர்ந்து, கிருமிகளை வளர்த்து வெப்பத்தாற் கொன்று, சில திங்களிலேயே தடுப்பூசி ஆக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள் அதையும் தம்மீதே சோதித்தார்.

1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் ஊசியிட்டுக்கொண்டோருள் 19 பேர் இரணஜன்னியால் மாண்டனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது, பணியிலிருந்து விலக்கப்பட்டார். மாண்டவர் அனைவருக்கும் இடப்பட்டது ஒரே குப்பி மருந்து. அக்குப்பியைத் திறந்த உதவியாளர், தரையில் விழுந்த இடுக்கியைச் செவ்வனே தூய்மை செய்யாது பயன்படுத்தியமை பின்னர் வெளிப்பட்டது. ஆயினும், ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பின்னரே, 1907இல் அவர்மேல் இருந்த கறை அகன்றது.

சிலம்பு பயின்ற நமக்கு ஆராயாத் தீர்ப்பின் கொடுமை புதிதன்று. கோவலனுக்குக் கிட்டாத நீதி ஹாஃப்கினுக்கு வாழ்நாளிலேயே கிட்டியது. பழித்த நாட்டை அவர் வெறுக்கவில்லை. மீண்டும் கல்கத்தா வந்து பணியாற்றினார். 1925இல் பம்பாய் ஆய்வகம் அவர் பெயரை ஏற்றது. 1930இல் லொசான் நகரில் மறைந்தார்.