தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் (ஏப்ரல் 16, 1890 – சனவரி 23, 1975) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் மலையேறுநரும் ஆவார். 1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற பிரித்தானியக் குழுக்களில் இடம்பெற்றவர் என்ற முறையில் உலகம் இவரை அறியும். கன்னியாகுமரி மாவட்டத்திலோ இவர் நெய்யூர் மருத்துவமனையின் மருத்துவராகவே நினைவுகூரப்படுகிறார். அன்றைய தென் திருவிதாங்கூரில் மிகுதியாகக் காணப்பட்ட குடற்புண் நோய்க்குப் பெரும் எண்ணிக்கையில் அறுவை சிகிச்சை செய்ததோடு, அந்நோய் அப்பகுதியில் ஏன் இவ்வளவு மிகுதியாக வருகிறது என்றும் ஆராய்ந்தவர் இவர்.

இளமையும் கல்வியும்

சோமர்வெல் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அங்கு காலணித் தொழிற்சாலை நடத்தி வந்தனர். ரக்பி பள்ளியில் பயின்ற பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேறினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சி பெற்றார். மலையேற்றத்துடன் ஓவியத்திலும் இசையிலும் இவருக்கு ஈடுபாடு இருந்தது.

முதல் உலகப் போரில்

முதல் உலகப் போரின்போது இவர் பிரான்சில் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். 1916 இல் சோம் போர்முனையில் இவர் பணிபுரிந்த மருத்துவ முகாமுக்கு, அது தாங்கக்கூடிய அளவைவிடப் பன்மடங்கு காயமுற்றோர் வந்து குவிந்தனர். கூடாரத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் தூக்குப் படுக்கைகளில் கிடத்தப்பட்டிருந்தனர். ஓய்வு வேளைகளில் சோமர்வெல் அவர்களிடையே சென்று பேசியபோது, தன்னை முதலில் கவனிக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை என்பது இவர் மனத்தில் ஆழப் பதிந்தது. இந்த அனுபவத்தால் இவர் வாழ்நாள் முழுவதும் போரை வெறுப்பவரானார்.

எவரெஸ்ட் மலையேற்றம்

1922 ஆம் ஆண்டு மே மாதம் ஜார்ஜ் மலோரி, எட்வர்டு நார்ட்டன் ஆகியோருடன் சோமர்வெல், உயிர்வளிக் கருவியின்றி 8,225 மீட்டர் உயரம் வரை ஏறினார். அதற்கு முன் எவரும் அவ்வளவு உயரத்தை எட்டியதில்லை. அதே ஆண்டு சூன் 7 அன்று நிகழ்ந்த பனிச்சரிவில் குழுவின் சுமைதூக்குவோர் எழுவர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் ஆங்கிலேயர் ஒருவர்கூட இல்லையே என்ற உறுத்தல் இவரை நெடுநாள் வருத்தியது.

1924 ஆம் ஆண்டு சூன் 4 அன்று நார்ட்டனுடன் மீண்டும் ஏறிய சோமர்வெல், தொண்டை வலியும் மூச்சுத் திணறலும் மிகுந்ததால் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டார். நார்ட்டன் தனியே இன்னும் சற்று மேலே சென்று திரும்பினார். இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ அடைத்து மூச்சு நின்றது. பனியில் அமர்ந்து, இரு கைகளாலும் மார்பை அழுத்தி இருமியதில் அடைப்பு வெளிவந்தது. கடுங்குளிரில் உறைந்து உரிந்துபோன தொண்டையின் உட்சவ்வே அது. சில நாட்களுக்குப் பின் உச்சி நோக்கிச் சென்று காணாமற்போன மலோரி எடுத்துச் சென்றது சோமர்வெல் கொடுத்த ஒளிப்படக் கருவியாகும்.

நெய்யூருக்கு வருகை

1922 மலையேற்றம் முடிந்த பின்னர் சோமர்வெல் சொற்பப் பணத்துடன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அப்பயணத்தில் திருவிதாங்கூர் சமத்தானத்தின் தென்பகுதியில் கல்குளம் வட்டத்திலுள்ள நெய்யூருக்கு வந்தார். அங்கு லண்டன் மிசன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838 இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டிருந்தது. சோமர்வெல் வந்தபோது மருத்துவர் பியூ என்பவர் பெரும் நோயாளிக் கூட்டத்தை மிகக் குறைந்த துணையுடன் கவனித்து வந்தார். சிகிச்சை கிடைத்தால் பிழைக்கக்கூடியவர்கள் மருத்துவர் இல்லாமையால் திரும்பிச் செல்வதை சோமர்வெல் கண்டார்.

லண்டனில் இவருக்குச் சிறந்த மருத்துவப் பதவி காத்திருந்தது. அதைத் துறந்து நெய்யூரைத் தேர்ந்தார். 1924 மலையேற்றத்துக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நெய்யூரும் அதன் கிளை மருத்துவமனைகளுமே இவரது பணிக்களமாயின. 1925 இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் மக்கள்.

குடற்புண் அறுவை சிகிச்சை

நெய்யூரில் சோமர்வெல் கண்ட நோய்களுள் முதன்மையானது முன்சிறுகுடற் புண் ஆகும். இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உண்டாகும் இப்புண், பல ஆண்டுகள் ஆறியும் மீண்டும் வந்தும் தழும்பேறி, உணவு செல்லும் வழியையே அடைத்துவிடும். உண்டதெல்லாம் வாந்தியாக வெளியேறி நோயாளி எலும்பும் தோலுமாவார். சிலருக்குப் புண்ணில் துளை விழும். சிலருக்குக் குருதி கசியும். உடலுழைப்பால் வாழும் ஏழைக் குடும்பத்தில் உழைக்கும் ஆணுக்கு இந்நோய் வந்தால், குடும்பம் முழுவதும் பட்டினி கிடக்க நேர்ந்தது.

அக்காலத்தில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிறந்த மருந்துகள் இல்லை. பாலும் பத்தியமும் நீண்ட ஓய்வும் ஐரோப்பிய மருத்துவர்கள் கூறிய வழிகள். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு இவை எட்டாதவை. எனவே சோமர்வெல் இரைப்பையை நடுச்சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கும் அறுவை சிகிச்சையைக் கையாண்டார். இதனால் உணவு, புண்ணான பகுதியைத் தொடாமல் வேறு வழியாகச் செல்லும். நோயாளி சில வாரங்களில் வேலைக்குத் திரும்ப முடிந்தது.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. இரைப்பையின் அமிலம் குறையாததால், இணைக்கப்பட்ட இடத்தில் சிலருக்குப் புதிய புண் தோன்றும். இதைத் தடுக்க, இரைப்பைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் சிலவற்றைக் கட்டி, அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையை சோமர்வெல் வகுத்தார். இரைப்பையை வெட்டி அகற்றாமலேயே அகற்றியதன் பயனைப் பெறுவது இதன் நோக்கம். இது குறித்து 1945 இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் எழுதினார்.

காரணத்தைத் தேடி

வட இந்தியாவில் அரிதாகக் காணப்பட்ட இந்நோய் தெற்கே, குறிப்பாகத் திருவிதாங்கூரில், பல மடங்கு மிகுதியாக இருந்தது ஏன் என்ற கேள்வி சோமர்வெல்லை விடவில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர் ஓருடன் சேர்ந்து, தாம் சிகிச்சையளித்த 2,500 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1936 இல் கட்டுரை வெளியிட்டார். இப்பகுதியின் உணவே நோய்க்குக் காரணம் என்பது இவர்களது கருத்து.

திருவிதாங்கூரின் ஏழை மக்களுக்கு மரச்சீனிக் கிழங்கு முக்கிய உணவாக இருந்தது. 1880 முதல் 1885 வரை ஆட்சிபுரிந்த விசாகம் திருநாள் மகாராசா இக்கிழங்கின் பயிரிடலை ஊக்குவித்தவர். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் புரதமும் உயிர்ச்சத்துகளும் அதில் குறைவு.

குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்தி வந்த ராபர்ட் மெக்காரிசன் இதை எலிகளைக் கொண்டு சோதித்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் உணவு கொடுக்கப்பட்ட எலிகளில் கால் பங்குக்குச் சற்று மிகுதியானவற்றுக்கு இரைப்பைப் புண் உண்டாயிற்று. கோதுமை, பால், காய்கறி அடங்கிய வட இந்திய உணவு பெற்ற எலிகளுக்கு அது உண்டாகவில்லை. சோமர்வெல்லின் கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

பிற்காலப் பணியும் மறைவும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சோமர்வெல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவப் பேராசிரியர்களுள் ஒருவராகி, 1961 இல் ஓய்வு பெறும்வரை இந்திய மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் அறுவை மருத்துவம் குறித்து 1948 இல் ஒரு நூல் எழுதினார். 1936 இல் வெளிவந்த ஆஃப்டர் எவரெஸ்ட் இவரது தன்வரலாற்று நூலாகும். 1938 இல் கைசர்-இ-இந்த் பதக்கமும் 1953 இல் பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.இ. விருதும் பெற்றார். 1962 முதல் 1965 வரை ஆல்பைன் கழகத்தின் தலைவராக இருந்தார். 1975 ஆம் ஆண்டு சனவரி 23 அன்று இங்கிலாந்தில் காலமானார்.

குடற்புண் பற்றிய பிற்கால அறிவு

சோமர்வெல் மறைந்த மறு ஆண்டே, 1976 இல், அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் மருந்து பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. 1982 இல் ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்சலும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். எலிக்கோபாக்டர் பைலோரி எனப்படும் இதுவே பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் என்று பின்னர் நிறுவப்பட்டது. இதற்காக இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. நெய்யூரில் கத்தி கொண்டு தீர்க்க வேண்டியிருந்த நோயைப் பெரும்பாலும் இரண்டு வார மாத்திரைகளால் தீர்க்க முடிகிறது. எனினும் இக்கிருமித் தொற்று இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் பரவலாக உள்ளதால், தெற்கே புண் ஏன் மிகுந்திருந்தது என்ற சோமர்வெல்லின் கேள்விக்குக் கிருமி மட்டுமே முழு விடையாகாது.

கிருமிக்கு அடுத்த முக்கிய காரணம் வலி மாத்திரைகள். இது பற்றிய முதற்சான்று சோமர்வெல் நெய்யூரில் இருந்த காலத்திலேயே கிடைத்தது. 1899 முதல் விற்கப்பட்டு வந்த ஆஸ்பிரின் இரைப்பையின் உட்சவ்வைச் சிவக்கச் செய்து குருதி கசிய வைப்பதை, 1938 இல் லண்டன் மருத்துவர்கள் டவுத்வெயிட்டும் லின்டாட்டும் உள்நோக்குக் கருவி வழியாக நேரில் கண்டனர்.

இது நிகழும் விதத்தை ஜான் வேன் 1971 இல் விளக்கினார். 1982 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரைப்பை தன் அமிலத்தால் தானே செரிக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உட்சுவரைப் போர்த்தியுள்ள சளிப் படலமும் அமிலத்தை நடுநிலையாக்கும் பைகார்பனேட்டும் தடையற்ற குருதியோட்டமும் ஆகும். இவற்றைப் பேணுபவை புரோஸ்டகிளான்டின் என்னும் வேதிப்பொருட்கள். வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் அதே வகைப் பொருட்களே. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன் முதலியவை புரோஸ்டகிளான்டின் உருவாவதைத் தடுக்கின்றன. வலி குறையும்போதே இரைப்பையின் காப்பும் குறைகிறது. இம்மருந்துகள் இரத்தத்தின் வழியாகவும் செயற்படுவதால், ஊசியாகப் போட்டாலும் உணவுக்குப் பின் உட்கொண்டாலும் இந்த ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. ஆஸ்பிரின் குருதி உறைவதையும் தடுப்பதால் குருதிக் கசிவு எளிதில் நிற்காது.

நெய்யூர் நோயாளிகளின் புண் முன்சிறுகுடலில் இருந்தது. வலி மாத்திரைகளால் வரும் புண் இரைப்பையில் மிகுதியாக உண்டாகிறது. முன்னறிவிப்பாக வயிற்றுவலி வராமலும் இருக்கலாம். மலம் கரிய நிறமாகப் போவதே சிலருக்கு முதல் அறிகுறி. முதியோர், முன்பு புண் வந்தவர்கள், அதிக அளவிலோ இரண்டு வலி மாத்திரைகளை ஒன்றாகவோ உட்கொள்வோர், ஸ்டீராய்டு அல்லது குருதி உறைவெதிர்ப்பு மருந்து எடுத்துக்கொள்வோர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். கிருமித் தொற்றும் உடனிருந்தால் அது மேலும் உயரும். பாராசிட்டமால் இரைப்பைக்கு ஏற்படுத்தும் தீங்கு குறைவு. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். நெடுநாள் வலி மாத்திரை தேவைப்படுவோருக்கு ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்தை மருத்துவர்கள் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இதய நோய்க்காகச் சிறு அளவு ஆஸ்பிரின் உட்கொள்வோர் தாமாகவே அதை நிறுத்துவது மாரடைப்புக்கு வழிவகுக்கலாம் என்பதால் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

நினைவு

நெய்யூர் மருத்துவமனை பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் வந்தது. நெய்யூர் அடங்கிய கல்குளம் வட்டம், 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகத் தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தது. மாவட்ட எல்லைக்கு அப்பால் கேரளத்தின் காரக்கோணத்தில் திருச்சபை நடத்தும் மருத்துவக் கல்லூரிக்கு சோமர்வெல்லின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவர் செய்த அறுவை சிகிச்சை குடற்புண்ணுக்கு இப்போது அரிதாகவே தேவைப்படுகிறது. நோய்க்கு மருத்துவம் செய்வதோடு நில்லாமல், அது ஓர் ஊரில் ஏன் மிகுதியாக இருக்கிறது என்று நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்த இவரது முறை, தென்னிந்தியக் குடற்புண் ஆய்வுக்குத் தொடக்கமாக அமைந்தது.