நடிகர் திலகம்

சாந்தோம் பக்கம், கடற்கரைச் சாலையில் 2006-ல் வைத்த சிவாஜி சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்காகி 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போய்விட்டது. சிலைக்கு இடம் மாறலாம். அவர் பிடித்த இடம் மாறுமா?

1928-ல் பிறந்த கணேசன் சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக வேஷம் கட்ட, பெரியார் அந்தப் பெயரையே சூட்டினார். 1952-ல் 'பராசக்தி'. படப்பிடிப்பு நடக்கும்போதே, பையன் ஒல்லி, ஆளை மாத்தணும் என்று பேச்சு. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் மட்டும் அசையவில்லை. படம் வந்தது, தமிழ்நாடே வசனம் பேசியது! 1960-ல் கட்டபொம்மனுக்காக கெய்ரோவில் சிறந்த நடிகர் பரிசு, 1964-ல் 'நவராத்திரி'யில் ஒன்பது வேஷம், 1995-ல் பிரான்சின் செவாலியே. 2001-ல் மறைந்தார்.

பொங்கல் வந்தால் வேலூரில் பெருமாள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது அவர் வழக்கம். நண்பர்களே, முதல் இன்டர்வியூவில் கழித்துக்கட்டினால் சோர்ந்துவிடாதீர்கள். கை கொடுத்தவரை மறந்தும் விடாதீர்கள்!